ஈரலும் வாழைநாரும்... அணைக்கரையில் அப்பாவோடு ஒரு சாயங்காலம்!

சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அணைக்கரை என்பது ஊர் அல்ல, வாசனை. மீன்சுருட்டி தாண்டி அரைத்தூக்கத்தில் இருக்கும்போது, ஜன்னல் வழியே மிளகாய்த்தூளும் எண்ணெயும் கலந்த மீன் வறுவல் வாசம் வந்து எழுப்பும். கண்ணைத் திறந்தால் கொள்ளிடம். பழைய பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும். ஒரு கிளை முடிந்து திட்டு வரும், அடுத்த கிளை வரும். அதற்குள் தூக்கம் மறுபடியும் வந்துவிடும். 24 வருடங்களாக எனக்கு அணைக்கரை அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அப்படி இல்லை. அவருக்குத் திருப்பனந்தாள் பக்கம் சொந்த ஊர். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் சைக்கிளில் மூங்கில் கழியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பின்னால் கேரியரில் என் தம்பி. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். “பொம்பளப் புள்ளைக்கு ஆத்தங்கரையில என்ன வேலை?” என்பது ஆத்தாவின் சட்டம். அப்பா அதை மீறியதும் இல்லை, எனக்காக ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. ராத்திரி எட்டு மணிக்குத் தூக்குவாளி நிறையக் கெளுத்தியோடு வருவார்கள். எனக்கு அதில் கிடைத்த பங்கு, அம்மாவுக்கு மீன் தேய்க்கச் சாம்பல் எடுத்துக் கொடுப்பது.

இப்போது தம்பி துபாயில். அப்பாவுக்கு 74 வயது. மூன்று வருடங்களாகக் கை நடுக்கம். பார்க்கின்சன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுகிறார். டீயை டம்ளரில் பாதிதான் ஊற்றித் தருகிறோம். அப்பா இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஆவணி மாதக் கடைசியில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, ஒருநாள் காலையில் மட்டும் சொன்னார்: “பாப்பா, அணைக்கரைக்கு ஒருதரம் போயிட்டு வரலாமா? தூண்டில் போடணும்.”

அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். “ஏங்க, காபி டம்ளரைப் புடிக்க முடியல, கழியைப் புடிக்கப் போறீங்களா?”

அப்பா பதில் சொல்லவில்லை. நான்தான், “புரட்டாசி பொறந்துட்டா நீ வீட்டுல மீனே ஏத்த மாட்ட. அதுக்குள்ள ஒரு குழம்பு வச்சிடலாம்மா” என்று சமாளித்தேன். அம்மா ஒத்துக்கொண்ட மாதிரியும் இல்லை, மறுத்த மாதிரியும் இல்லை. அந்த இடைவெளியில் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

மூங்கில் கழி பரணில் பத்திரமாக இருந்தது. நரம்பும் முள்ளும் ஈயக்குண்டும் கடையில் வாங்கினோம். மண்புழுதான் கிடைக்கவில்லை. முன்பெல்லாம் கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் வாழையடியை மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தினால் கொட்டாங்கச்சி நிறைய நெளியும். இப்போது கொல்லை முழுக்க சிமென்ட். பக்கத்து வீட்டில் சதுரக் கல் பதித்திருக்கிறார்கள். தெருவையே சுற்றிவந்தும் ஒரு கொத்து ஈரமண் இல்லை. கும்பகோணத்தில் காவிரி ஓடுகிறது, ஒரு புழுவுக்கு இடமில்லை!

“விடு. திருப்பனந்தாள்ல கோழிக்கடையில ஈரல் வாங்கிக்கலாம். இப்ப எல்லாரும் அதைத்தான் போடுறானுவளாம்” என்றார் அப்பா. ஆட்டோ பேசி, சோழபுரம் வழியாகப் போனோம். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை சுமார் 30 கிலோமீட்டர். திருப்பனந்தாளில் கால் கிலோ பிராய்லர் ஈரல் வாங்கிக்கொண்டோம். பக்கத்திலேயே பூக்காரம்மா உதிரி முல்லை வைத்திருந்தார். அம்மாவைச் சமாதானப்படுத்த ஆகும் என்று அதிலும் கொஞ்சம் வாங்கினேன். தூண்டில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் தொடுத்துவிடலாம் என்று ஒரு பிடி வாழைநாரும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அணைக்கரையைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்றால் பஸ்ஸிலிருந்து இறங்கித்தான் ஆக வேண்டும். இங்கே கொள்ளிடம் இரண்டாகப் பிரிந்து ஓட, நடுவில் திட்டு மாதிரி ஊர். இரண்டு கிளைகளின் குறுக்கேயும் கீழணை. முக்கொம்பில் மேலணை கட்டிய அதே ஆர்தர் காட்டன், அதே 1836-ம் ஆண்டில் கட்டியது. நீர்மட்டம் மொத்தமே 9 அடிதான். மேட்டூரின் 120 அடியைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால், இந்த 9 அடியிலிருந்துதான் வடக்கு ராஜன், தெற்கு ராஜன், மண்ணியாறு, குமுக்கி மண்ணியாறு, வடவாறு என்று வாய்க்கால்கள் பிரிந்து போகின்றன. வடவாறு வீராணம் ஏரிக்குப் போகிறது. 2004-லிருந்து வீராணத்துத் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்கும் வருகிறது. ஆக, மடிப்பாக்கத்தில் நான் பாத்திரம் கழுவும் தண்ணீரில் அப்பாவின் ஆறும் கொஞ்சம் கலந்திருக்கலாம். அதை அப்பாவிடம் சொன்னபோது, “அப்ப கெளுத்தியும் குழாயில வருதான்னு பாரு” என்றார். அன்றைக்கு அவர் சொன்ன முதல் ஜோக் அதுதான்.

மதகை ஒட்டி உட்கார அப்பா விடவில்லை. அங்கே தண்ணீர் சுழிக்கும். பாலத்துக்குக் கீழே கொஞ்சம் தள்ளி, தெற்குக் கரையில், கருங்கல் பதித்த சரிவின் மேல்பகுதியில் இடம் பார்த்தோம். ஏற்கெனவே அங்கே ஒரு இளைஞர் மூன்று தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். “ஐயா, தண்ணியில மட்டும் காலை வச்சிடாதீங்க. முதலை கெடக்கு” என்றார், ‘வெயில் அடிக்குது’ என்று சொல்கிற மாதிரி. கொள்ளிடத்தில் முதலை இருப்பது ஊரறிந்த விஷயம். கரையோரக் கிராமங்களில் ஆட்டையும் மாட்டையும் மட்டுமல்ல, மனிதர்களையும் கடித்திருக்கிறது. நாங்கள் இரண்டு படி மேலேயே துண்டை விரித்தோம். நீங்கள் குழந்தைகளோடு போனால் இதை ஞாபகத்தில் வையுங்கள். மீன் வறுவலைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ ஆற்றில் இறங்க வேண்டாம்.

இனிதான் எங்கள் சோதனை.

ஈரலில் ஒரு துண்டு வெட்டி முள்ளில் குத்தி, கழியைப் பின்னால் கொண்டுபோய் சுண்டி வீசினேன். முள் ஆற்றுக்குப் போனது. ஈரல் பக்கத்து இளைஞரின் செருப்பில் போய் விழுந்தது. “பரவால்லக்கா” என்று அவர் துடைத்துக்கொண்டார். இரண்டாவது தடவை மெதுவாக வீசினேன். ஈரல் முள்ளோடு போய்த் தண்ணீரைத் தொட்டது, தொட்ட இடத்திலேயே கழன்று மிதந்து போனது. மூன்றாவது, உள்ளே போய்த் தங்கியது. தக்கை குதித்தது, இழுத்தேன், வெறும் முள். ஜிலேபிக் குஞ்சுகள் கொத்தித் தின்றிருக்கின்றன. அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாவது துண்டை அவரே குத்துவதாக வாங்கினார். விரல் நடுங்கியது. முள் இரண்டு முறை ஈரலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மூன்றாவது முறை அவர் கட்டைவிரலைக் குத்தியது. அப்படியே ஈரலைத் துண்டில் வைத்துவிட்டு ஆற்றைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

நான் கைக்குட்டையால் விரலைத் துடைத்துவிட்டேன். அதற்கு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால், “அப்பா, நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, ஆற்றைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். மண்புழுவென்றால் கவலை இல்லை, காலுறை மாட்டுகிற மாதிரி முள்ளின் மேல் ஏற்றிவிடலாம். ஈரல் அப்படி இல்லை, அதற்குள் பிடிக்க ஒன்றுமே கிடையாது. முதல் தப்பு, அதை வெயிலில் வைத்தது. சூடு ஏற ஏறக் கூழாகிவிடும். ஆகவே, பக்கத்துக் கடையில் ஐஸ் கேட்டு வாங்கி, ஈரல் கவரை அதன்மேல் வை. இரண்டாவது, கழுவாதே. அந்த ரத்த வாடைக்குத்தான் கெளுத்தி வருகிறது. (நான் சமையலறைப் பழக்கத்தில் பாட்டில் தண்ணீரில் இரண்டு முறை அலசியிருந்தேன்!) மூன்றாவது, பெரிய துண்டு வேண்டாம். கொட்டைப்பாக்கு அளவு போதும். பெரிய துண்டின் கனமே அதைக் கிழித்துவிடும்.

“ஈரலைத் திருப்பிப் பாரு. ரெண்டு மடலும் சேர்ற எடத்துல வெள்ளையா ஒரு சவ்வு இருக்கும். அதுல குத்து. ஒருதரம் குத்தி விடாத, திருப்பித் திருப்பி மூணு எடத்துல குத்து. ஈரலோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு பாரு, கோழியோட இதயம். அது கெட்டி. அதுல ஒரு சின்னத் துண்டை முள்ளு நுனிப் பக்கம் கடைசியா ஏத்து. ஆப்பு மாதிரி நிக்கும், ஈரல் வழுக்காது. ஆனா, நுனி மட்டும் வெளியில தெரியணும். மூடிட்டீன்னா மீன் தின்னுட்டு டாட்டா காட்டிட்டுப் போயிடும்.”

வீசுவதற்கும் பாடம் இருந்தது. சுண்டக் கூடாது. ஊஞ்சல் ஆட்டுவதுபோலக் கீழேயிருந்து ஒரே வீச்சில் கொண்டுபோய் இறக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு ஈரல் உள்ளே போய்த் தங்கியது. ஆனால், ஐந்து நிமிடம்தான். ஜிலேபிக் குஞ்சுகள் ஓரம் ஓரமாகக் கிழித்தன. பக்கத்து இளைஞர் தன் முறையைக் காட்டினார். கிழிந்த கொசுவலையில் ஈரலை வைத்து, மூட்டை மாதிரி கட்டி, முள்ளில் மாட்டுகிறார். “வாடை போவும், இரை போவாது அக்கா” என்றார். சரியான யோசனைதான். ஒரு துண்டு எங்களுக்கும் கொடுத்தார். அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா, இது ஆத்துல அறுந்து விழுந்தா மக்காதே” என்று திருப்பிக் கொடுத்தார். எழுத்தர் வேலை பார்த்தவரின் கறார்.

பிறகு என் மடியைப் பார்த்தார். நான் வெறுங்கையோடு உட்கார முடியாமல் முல்லையைத் தொடுக்க ஆரம்பித்திருந்தேன்.

“பாப்பா, அந்த நாரைக் கொடு.”

வாழைநாரை நனைத்து, மெல்லிய இழையாகக் கிழித்துத் தரச் சொன்னார். வாங்கிக் கட்டப் பார்த்தார். முடியவில்லை. இந்தத் தடவை திரும்பிக்கொள்ளாமல், நாரை என் கையிலேயே வைத்தார். “பூ கட்டுற மாதிரியே கட்டு. இறுக்கினா ஈரல் அறுந்துடும். தளத்தினா கழண்டுடும். உனக்குத் தெரியுமே.”

எனக்குத் தெரியும்தான். எட்டு வயதில் அம்மா கற்றுக்கொடுத்தது. காம்பு நசுங்கக் கூடாது, பூ உதிரவும் கூடாது. கண் பார்க்க வேண்டியதே இல்லை, விரலே அளவு சொல்லும். ஒரு சுற்று, ஒரு கண்ணி, லேசாக ஓர் இழுப்பு. மறுபடி ஒரு சுற்று. ஈரலின் மேல் நான்கு கட்டு, கடைசியில் நாரை முள்ளின் தண்டில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சு. ரத்தமும் வழுவழுப்பும் விரலில் ஒட்டியது. முல்லையையும் கோழி ஈரலையும் ஒரே கையால் கட்டிய பெண் அந்தக் கரையில் நானாகத்தான் இருப்பேன்.

போட்டேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். குஞ்சுகள் கொத்தித் தக்கையை ஆட்டின. இழுத்துப் பார்த்தால் ஈரல் அப்படியே இருந்தது, வெளுத்திருந்தது, அவ்வளவுதான். “வெளுத்துட்டா மாத்து. வாடை போனபிறகு அது வெறும் சக்கை” என்றார். கெளுத்திக்கு மீசையில் மட்டுமல்ல, உடம்புத் தோல் முழுவதும் சுவை அறியும் மொட்டுகள் உண்டு. கலங்கல் தண்ணீரில் கண்ணை நம்பாமல் வாடையை நம்பி அடித்தரையில் மேயும் மீன். அதனால்தான் இரை முள்ளில் இருந்தால் மட்டும் போதாது, மணக்கவும் வேண்டும். மாற்றுவதற்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் பூ கட்டினேன்.

இன்னொரு சிக்கல் இருந்தது. அப்பா கழியைப் பிடித்தால் நடுக்கம் நரம்பு வழியே போய்த் தக்கை ஓயாமல் ஆடியது. எது மீன், எது கை என்று பார்க்கிற எனக்குத் தெரியவில்லை. கழியை என்னிடம் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கரையில் கிடந்த ஒரு கவட்டைக் கம்பைக் கொண்டுவரச் சொல்லி, கல் இடுக்கில் செருகி, அதன்மேல் கழியைச் சாய்த்தார். நரம்பின்மேல் ஒற்றை விரலை மட்டும் வைத்துக்கொண்டார். “தக்கையைப் பாக்க வேணாம். மீன் இழுக்குறதும் என் கை ஆடுறதும் வேற வேறம்மா. எனக்குத் தெரியாதா?”

சூரியன் பாலத்துக்குப் பின்னால் இறங்கியது. பொழுது சாய்ந்த பிறகுதான் கெளுத்தி மேய வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். தட்டுகிறது என்றார். நான் எழுந்தேன். “உக்காரு. மொதல்ல மீசையால தடவும். இழுத்துடாத.” நூல் மெல்ல ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தது. “இப்ப!” இரண்டு பேருமாகக் கழியைத் தூக்கினோம். வெள்ளி வயிறும் நீளமான மீசையுமாக ஒரு கெளுத்தி, கால் கிலோ இருக்கும், கல்லின் மேல் விழுந்து க்ரீச் க்ரீச்சென்று சத்தம் போட்டது.

பாய்ந்து பிடிக்கப் போன என் கையை அப்பா தட்டிவிட்டார். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முட்கள் விறைத்துக்கொண்டு நிற்கும். குத்தினால் ராத்திரி முழுக்க உயிர் போகும். அவருக்கு ஒருமுறை உள்ளங்கையில் ஏறியதாம். வீட்டுக்கு வந்து பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வைத்த பிறகுதான் வலி இறங்கியதாம். “எங்களுக்குச் சொல்லவே இல்லையே?” என்றேன். “சொன்னா உங்க ஆத்தா மறுவாரம் விட்டிருக்காதே” என்றார். துண்டைப் போட்டு மூடி, பக்க முட்களுக்குப் பின்னால் விரல் கொடுத்து எப்படிப் பிடிப்பது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். எனக்கு 46 வயது.

எட்டு மணிக்குள் மூன்று கெளுத்தி. நான்காவதாகக் கருப்பாக, தட்டைத் தலையோடு ஒன்று பக்கத்து இளைஞருக்கு விழுந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன், எப்படியோ ஆற்றில் சேர்ந்து மற்ற குஞ்சுகளையெல்லாம் தின்கிறது. அவர் அதைத் திரும்ப ஆற்றில் விடவில்லை. நாங்கள் கிளம்பும்போது அப்பா மீதமிருந்த ஈரலை அவரிடம் கொடுத்தார். ஐஸையும் கொடுத்தார். நாரை மட்டும் மடித்து, நடுங்கும் விரல்களால் வெகுநேரம் முயன்று, தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். நான் உதவப் போகவில்லை.

திரும்பும் வழியில் கடையில் ஒரு தட்டு வறுத்த மீன் வாங்கினோம். வாழையிலையில் சுடச்சுட வைத்துத் தந்தார்கள். முள் எடுத்துப் பிட்டுப் பிட்டு அப்பாவின் பக்கம் தள்ளினேன், எடுத்துச் சாப்பிட்டார். வீட்டில் ஊட்டிவிட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எதுவும் கேட்கவில்லை. மீனை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். கெளுத்திக்குச் செதில் கிடையாது, வழுவழுப்புதான். கல்லுப்பும் சாம்பலும் போட்டுச் சொரசொரப்பான கல்லில் தேய்த்தால் போய்விடும். இப்போது சாம்பலுக்கு எங்கே போவது? புளியைக் கரைத்து ஊற்றித் தேய்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச முல்லையைத் தொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மீனின் வாயைப் பிளந்தவர் நிறுத்தினார். உள்ளே ஒரு துண்டு ஈரல், அதைச் சுற்றி நார், அறுபடாமல். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“ஏண்டி, இது என் முடிச்சாச்சே!”